தெற்கு மூலைச் செங்கல் வரம்பு

1

இந்த ஊரில் மார்ச் மாதம் பிறந்தால் ஆம்பிளைகளுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஐந்து மாசம் கூதலுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை லேசாக வெயில் தலைகாட்டியதும் மொத்தமாக வெளியே வந்து புல்லின் முன்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்துவிடுவார்கள். எதிர் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மூன்றாவது வீட்டு டாக்டர், எல்லாரும்தான். புல்லுக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று முதல் வருஷம் நான் நிஜமாகவே பயந்தேன்.

குழித்துறைப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு புல் முளைத்தால் மானக்கேடு. விடிந்ததும் பெருக்குமாற்றால் வரிவரியாகக் கோடு விழப் பெருக்க வேண்டும். புல் கிடக்கும் முற்றம் என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த நான் இங்கே, வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், பஸ் ஓட்டிச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தில் புல்லுக்கு விதையும் உரமும் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நாட்டில் ரப்பர் விளையில் நின்றபடி மணி அண்ணன் வீடியோவில் விளித்தான்.

“எலே மக்கா, முட்டுக்குத்தி நிண்ணு என்னத்தலே செய்யித?”

“புல்லு வளக்கேன்.”

“பசு வாங்கினியா?”

“இல்ல.”

“ஆடு?”

“அதும் இல்ல.”

“பின்ன ஆரு திங்கதுக்கு?”

“ஆரும் திங்கதுக்கில்ல. நல்லா வளந்த பொறவு வெட்டிக் களையணும்.”

அண்ணன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பிறகு, “இதுக்காலே பிளேன் ஏறிப் போன?” என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. முதலில் பொறுக்க வேண்டும். வெயிலைப் பார்த்ததும் புல் வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஈர மண் அமுங்கிப் புல் மூச்சுமுட்டிச் சாகும். மண் காய்ந்த பிறகு இரும்புப் பல் வைத்த ரேக்கால் தலை வாருவதுபோல் அழுத்தி வார வேண்டும். அப்போது பழைய சருகும் பாசியும் மூட்டை மூட்டையாக வரும். வாரி முடிந்த லானைப் பார்த்தால் சொறி பிடித்த நாய் மாதிரி இருக்கும், அதற்காக மனசு விட்டுவிடக் கூடாது. பிறகு நாலு பல் ஃபோர்க்கால் ஒரு சாண் இடைவெளியில் குத்திக் குத்தித் துளை போட்டு மணலைத் தூவ வேண்டும். வழுக்கை விழுந்த இடத்தில் விதை. ஓரங்களைக் கயிறு பிடித்து வெட்டி நேராக்க வேண்டும். முதல் வெட்டு நுனியை மட்டும்தான். ஒட்ட வெட்டினால் அந்த வருஷம் பூராவும் மஞ்சளாகவே கிடக்கும்.

இதையெல்லாம் பற்றி மட்டும் எழுதி, நாட்டிலிருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எங்கள் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது ஒரு மார்ச்சில்தான். இந்த வருஷத்தோடு பதினாலு ஆகிறது. ரேக்கைக் கையில் எடுத்தாலே முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். துணி காயப்போடும் கம்பிதான் நிற்கும்.

2

எங்கள் பக்கத்தில் அனேகம் வீடுகளில் செத்தவர்களைச் சொந்த விளையிலேயே அடக்குவார்கள். விளை என்றால் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம். எங்கள் குடும்பத்தில் வீட்டுக்குத் தெற்குப் பக்கம்தான் அதற்கான இடம். தென்னைக்கும் மரச்சீனிச் செடிக்கும் நடுவில், செங்கல்லை வரம்பாகப் பதித்து நீளவாக்கில் ஒரு மேடு இருந்தால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். பார்த்ததும் தெரியும்.

எனக்கு ஒன்பது வயசாக இருந்தபோது சித்தப்பாவின் பிள்ளை பிறந்த அன்றே செத்தது. நாலைந்து பேர் உதவிக்கு வந்தார்கள். சித்தப்பா மம்பட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. “எனக்க பிள்ளைக்கு நான் வெட்டிக்கிடுவேன், நீங்க அங்கோட்டு மாறி நில்லுங்க” என்றார். சின்னக் குழிதான். அதை வெட்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இல்லை, அப்படிச் சொல்வது பொய். எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது நாங்கள் ஒரு கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். ஷீபாவுக்கு ஏழு மாசம். பிள்ளை அனங்கவில்லை, அசைவே இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன். நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஷீபா மயக்கத்தில் கிடந்தபோது ஒரு அம்மாள் என்னைத் தனியறையில் உட்கார வைத்து நிரப்ப வேண்டிய ஒரு பாரத்தை நீட்டினார். நல்ல மனுஷி. பையப் பையத்தான் பேசினார். நீங்களே அடக்கம் செய்துகொள்கிறீர்களா, ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

வாசிக்கத் தெரியாமல் இல்லை. வாசித்தேன். ஒரு பிடி சொந்த மண் இல்லாதவன் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பான் என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். “ஏதாவது கேட்கணுமா?” என்றார் அந்த அம்மாள். எங்கே வைப்பீர்கள், எப்போது, நான் வரலாமா, எத்தனையோ கேட்டிருக்கலாம். இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. தேங்க் யூ என்றேன். பெற்ற பிள்ளையை ஒரு பேனாக் கோட்டில் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தேங்க் யூ சொன்ன தகப்பன் நான்.

மறுநாள் மத்தியானம் ஷீபா கேட்டாள்.

“பிள்ளைய எங்க வச்சிய?”

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது?

“ஒரு தோட்டத்துல. மரமெல்லாம் உண்டு.”

“கூதலடிக்குமே.”

“இல்ல. வெயிலு விழுத எடம். நல்ல எடம்.”

கண்ணை மூடிக்கொண்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன். கேட்காததுதான் என்னைத் தின்றது. பாஸ்போர்ட், விசா, குடியுரிமை என்று இந்த நாட்டில் நிரப்பிய பாரங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கட்டம் இருக்கும். ஒன்று என்று எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் பேனா அங்கே வந்து நிற்கும்.

3

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைப் பார்க்க வந்தோம். ஆதிராவுக்கு மூன்று வயசு. இப்போது பன்னிரண்டு, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. வீட்டைக் காட்டிய ஏஜென்ட் அடுக்களை, ஹீட்டர் எல்லாம் காட்டிவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்தான். நீளமான லான். கடைசியில் தெற்கு மூலையில், வேலியின் நிழலில், செங்கல் பதித்த வரம்பு. நாலடி நீளம். நடுவில் மண் மேடாக இருந்தது.

நானும் ஷீபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரிய ஆளுக்கான நீளம் இல்லை.

“அது என்ன?” என்று ஏஜென்டிடம் கேட்டேன். “ஓ, பூப்பாத்தி மாதிரி” என்றான். கள்ளப்பய, வீடு விற்க வேண்டுமென்று மறைக்கிறான் என்று நினைத்தேன். விற்றவர் ஒரு வயசான மனிதர், முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அவரிடமும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது? அடுத்த வீட்டுக்காரர்களிடமும் கேட்கவில்லை. நம்ம ஊரில் கேட்போமா?

எனக்குள் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் தன் பிள்ளையைச் சொந்த மண்ணில் வைத்துவிட்டு, வயசாகி, விட்டுப் போக வேண்டி வந்திருக்கிறது. அதை நான் பார்த்துக்கொண்டால் என் பிள்ளையை எங்கேயோ யாரோ பார்த்துக்கொள்வார்கள். முட்டாள்தனம்தான். ஆனாலும் அதை நம்பித்தான் வீட்டை வாங்கினேன் என்று சொன்னால் தப்பில்லை.

அன்றிலிருந்து மார்ச் வந்தால் முதல் வேலை அந்த மூலைதான். மெஷினை அங்கே கொண்டுபோக மாட்டேன். கையால்தான். நிழலான இடமாதலால் பாசி கனமாகப் படரும். செங்கல் ஒவ்வொன்றாகப் பழைய பிரஷால் தேய்ப்பேன். களையை வேரோடு பிடுங்குவேன். வரம்பைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டுவேன். ஆதிரா சின்னவளாக இருந்தபோது பந்து அங்கே உருண்டால் நான்தான் போய் எடுத்து வருவேன். “அப்பா, இட்ஸ் ஜஸ்ட் மட்” என்பாள். “போட்டி அங்கோட்டு” என்று விரட்டுவேன்.

வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருப்பேன். நாலாவது, ஐந்தாவது வருஷமானபோது அது யாரோ ஒருவருடைய பிள்ளை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. காலையில் பஸ்ஸில் ஏறும் பள்ளிக்கூடப் பையன்களில் அவன் வயசுக்காரர்கள் இந்த வருஷம் எந்த உயரம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதை அங்கே வந்து சொல்வேன். வாய்விட்டுத்தான் சொல்வேன். ஷீபா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே வர மாட்டாள். அவளுக்குப் பயம் போல என்று எடுத்துக்கொண்டேன்.

4

இந்த மார்ச்சில், போன சனிக்கிழமை, ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். தன் பெயர் கிரஹாம் என்றார். எங்களுக்கு வீடு விற்ற பெரியவரின் மகன். அப்பா போன மாசம் இறந்துவிட்டார், இந்த வழியாக வந்தேன், பிறந்து வளர்ந்த தோட்டத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஷீபா டீ போடப் போனாள். நான் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

பாதி வாரிய லான். ரேக் அப்படியே கிடந்தது. அவர் அங்குமிங்கும் பார்த்தார். தம்பியோ தங்கையோ, யாராக இருந்தாலும் நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல இங்கிலீஷில் ஒரு வரி தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தெற்கு மூலையைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தார்.

“அட, என்னோட மணல்குழி! இன்னும் இருக்கா?”

எனக்குப் புரியவில்லை.

“எனக்கு நாலு வயசாகும்போது அப்பா கட்டிக் கொடுத்தது. செங்கல்லெல்லாம் அவரே பதிச்சது. உள்ளே பூரா கடற்கரை மணல். பத்து வயசானதும் நான் விளையாடுறதில்லைன்னு மண்ணைப் போட்டு நிரப்பிட்டார். சே, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!”

சொல்லிக்கொண்டே போய் அதன் மேல் ஏறி நின்றார். இரண்டு காலாலும். நான் கையை நீட்டிவிட்டேன், விழப்போகிறவரைப் பிடிக்கிற மாதிரி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். ஷீபா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

நான் அந்த மூலையிலேயே உட்கார்ந்தேன். கீழே ஒன்றுமில்லை. மணல்தான். ஒன்பது வருஷம் மணலிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படியானால் என் பிள்ளை எங்கே? பதினாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அன்றுதான் முழுசாக வந்து என் கழுத்தைப் பிடித்தது.

5

அடுக்களைக்குப் போனேன். ஷீபா கப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஷீபா, அது குழியில்லட்டி. மணலு. பிள்ளைக விளையாடதுக்குக் கெட்டினது.”

“கேட்டேன். அவரு சொன்னாருல்லா.” திரும்பவில்லை.

“ஒனக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும்.” நாற்காலியில் உட்கார்ந்தேன். “அண்ணைக்கு ஆசுபத்திரியில நீ கேட்டல்லா, பிள்ளைய எங்க வச்சியண்ணு. தோட்டம், மரம், வெயிலுண்ணு சொன்னேன். அது எல்லாம் பொய்யி. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு பாரத்துல டிக் போட்டுக் குடுத்தேன். எங்க கொண்டு போனாவண்ணு நான் கேக்கவே இல்ல.”

ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். கப் கையிலிருந்து விழும், அழுவாள், அடிப்பாள் என்று எதற்கும் தயாராக இருந்தேன். அவள் குழாயை அடைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

“தெரியாதா?”

“தெரியாது.”

“சத்தியமாட்டு?”

“சத்தியமாட்டு.”

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

ஆதிரா வயிற்றில் இருக்கும்போது, மூத்தவனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை வந்திருக்கிறது. பிரசவம் பார்க்கிற நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். நர்ஸ் யாருக்கோ போன் போட்டு விசாரித்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். பெரிய தகன மையம், ஊருக்கு வெளியே. அங்கே இப்படிப்பட்ட குழந்தைகளையெல்லாம் சேர்த்துத் தகனம் செய்து, சாம்பலை அங்கேயே தோட்டத்தில் தூவுவார்களாம். இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள், எட்டு மாச வயிற்றோடு.

“போய்ப் பாத்தேன். மரமெல்லாம் நிக்கி. நல்ல வெயிலு. நீங்க சொன்ன மாதிரியே கெடந்து.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அதுக்குப் பொறவு நான் எப்பிடி நெனைப்பேன், ஒங்களுக்குத் தெரியாதுண்ணு?”

“நீ போறது எனக்குத் தெரியாதே.”

“பதிமூணு வருசமாட்டு போறேன். வருசாவருசம் அவனுக்க நாளண்ணைக்கு லீவு போட்டுட்டு, ஒங்களுக்கிட்ட வேலைக்குப் போறேண்ணு சொல்லிட்டு. ஆதிராவையும் கூட்டிட்டுப் போவேன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். அப்பா ஏன் வரல்லண்ணு கேப்பா. அப்பாக்கு வேலைண்ணு சொல்லுவேன்.”

“என்னை ஒரு வார்த்த விளிக்கப்பிடாதா?”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பதிமூன்று வருஷக் கோபம் ஒன்றாக வந்தது.

“எதுக்கு விளிக்கணும்? பெத்தவன விளிச்சாக்கும் கூட்டிட்டுப் போவாவ? ஒவ்வொரு வருசமும் இந்த மனுசன் இண்ணைக்காவது வாயத் தொறப்பாரு, போவோமாண்ணு கேப்பாருண்ணு பாத்துப் பாத்து நிண்ணேன். நீங்க என்ன செய்யிதிய? ஆருக்கோ செங்கலு தேய்க்கிய! ஆரோ பெத்த பிள்ளைக்கு ஒம்போது வருசமாட்டு புல்லு பறிக்கிய. இந்த ஜன்னலுக்க முன்ன நிண்ணு பாத்துட்டே இருந்தேன். பெத்த பிள்ளைக்க கிட்ட ஒருக்கா வந்தியளா? கல்லு மனசுண்ணு நெனச்சேன். இந்த ஆளுகூட எப்பிடிக் கடைசி வர இருக்கப் போறேண்ணு நெனச்ச நாளு உண்டு.”

நான் பொய்க்குப் பயந்து பதினாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொய் என்று நினைத்தது பூராவும் உண்மையாகக் கிடந்திருக்கிறது, இரண்டு பஸ் தூரத்தில். அந்த வழியில் நானே பஸ் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தகன மைய வாசலுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் உண்டு. எத்தனை தடவை அங்கே நிறுத்திக் கதவைத் திறந்திருப்பேன்!

அடுக்களையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த ஆதிரா, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

6

செவ்வாய்க்கிழமைதான் பிள்ளை இறந்து பிறந்த நாள். நான் லீவு சொன்னேன். என்ன காரணம் என்று மேலதிகாரி கேட்டார். “மகனுக்க நாள்” என்று வாயில் தமிழே வந்துவிட்டது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அவர் உடனே லீவு எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆதிராவையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஷீபா முன்னால் நடந்தாள், சொந்த விளைக்குள் நடப்பவளைப் போல. பெரிய புல்வெளி. யாரோ வாரிச் சுத்தம் செய்திருந்தார்கள். துளை போட்டு மணலும் தூவியிருந்தது. வேலை தெரிந்த கை. ஓரமாக ஒரு பிர்ச் மரத்தின் கீழே ஷீபா நின்றாள். நானும் நின்றேன். பையன்களின் உயரத்தையெல்லாம் சொல்ல நினைத்தேன். “வந்துட்டேன் மக்கா, பிந்திப்போச்சு” என்று மட்டும்தான் வந்தது.

திரும்பும்போது ஆதிரா என் கையைப் பிடித்து இழுத்தாள். “புக் பாக்கலியா?”

அங்கே ஒரு சின்ன அறை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தடிமனான ஒரு புத்தகம். தினமும் ஒரு பக்கம் திருப்பி வைப்பார்களாம். அன்றைய தேதியில் போனவர்களின் பெயர்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அழகான கையெழுத்தில் ஏழெட்டு இங்கிலீஷ் பெயர்கள். நடுவில் ஒரு வரியை ஆதிரா விரலால் காட்டினாள். கண்ணில் நீர் மறைத்து எனக்கு எழுத்துப் பிடிபடவில்லை.

“நீ வாசி மக்களே.”

அவள் எனக்காகத் தமிழாக்கி வாசித்தாள். “உதயன். சுகுமாரன், ஷீபா, இவங்களோட மூத்த மகன்.”

ஷீபா பெயர் வைத்திருக்கிறாள். பிள்ளையின் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்கிறேன். அதற்குப் பக்கத்தில் என் பெயர். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஷீபா என் பெயரை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. எங்கள் ஊர் வழக்கம். கடல் கடந்து வந்தும் அதை விடவில்லை. “ஏங்க” என்பாள், “இஞ்ச பாருங்க” என்பாள், வெளியாட்களிடம் “ஆதிராக்க அப்பா” என்பாள். யாராவது கணவர் பெயரென்ன என்று கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும்.

“இது எப்ப எழுதிக் குடுத்த?” என்று கேட்டேன்.

“ஆதிரா மூணாங்கிளாசு படிக்கும்போ” என்றாள் ஷீபா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் செங்கல் தேய்த்துக்கொண்டிருந்த வருஷம். என்னைக் கல் மனசுக்காரன் என்று அவள் முடிவுகட்டியிருந்த வருஷம். அந்த வருஷத்தில் இங்கே வந்து உட்கார்ந்து, பிள்ளைக்குத் தகப்பன் இன்னார் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

“அப்பா, போலாமா?” என்றாள் ஆதிரா.

“இன்னொருக்கா வாசி” என்றேன்.

அவள் இன்னொரு தடவை வாசித்தாள்.